ரிட்லி கடற்கரையின் கற்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் பயணப் பகுதியில் அண்டார்க்டிகாவின் அடேர் முனை குறித்து வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தோம். அவ்வளவு தொலைவில் இருக்கும் ஒரு கரைக்குத் தமிழில் ஒரு பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் அதில் மூன்று திருத்தங்கள் தேவை. "மனிதக் காலடி படாத பனிக்கரை" என்பது ஒன்று. "கரை முழுவதும் தடை செய்யப்பட்ட பகுதி" என்பது இன்னொன்று. கற்குவியல் மேல் ஒருவர் நின்று பழைய மரக்குடிலைப் பார்ப்பதுபோல் வெளியான படமும் அதன் விளக்கமும் மூன்றாவது. அங்கே போக நினைக்கும் வாசகர்கள் இந்த மூன்றையும் நம்பிக்கொண்டு கப்பல் ஏறினால் கரைக்குத்தான் கேடு. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

முதலில் இடம். அண்டார்க்டிகாவின் விக்டோரியா நிலப்பகுதி வடக்கே கடலுக்குள் நீட்டியிருக்கும் விரல் அடேர் தீபகற்பம். அறுபது கிலோமீட்டருக்கு மேல் நீளும் இந்த எரிமலைப் பாறைத் தொடரின் வடகோடிதான் அடேர் முனை. 1841இல் பிரிட்டிஷ் கடற்பயணி ஜேம்ஸ் கிளார்க் ராஸ் அந்தப் பெயரை வைத்தார். கிழக்கே ராஸ் கடல், மேற்கே ராபர்ட்சன் விரிகுடா. முனைக்குச் சற்றுத் தென்மேற்கே, செங்குத்தான கரும்பழுப்புப் பாறைச் சரிவின் அடியில், விரிகுடாவுக்குள் முக்கோணமாகத் துருத்திக்கொண்டிருக்கும் தட்டையான கூழாங்கல் திட்டுதான் ரிட்லி கடற்கரை. ஏறத்தாழ தெற்கு அட்சரேகை 71 பாகை 18 கலையில் (நிமிடத்தில்) இருக்கிறது. நியூசிலாந்தின் தென்கோடியிலிருந்து கடல்வழியாக 2,700 கிலோமீட்டர் போக வேண்டும். மறுபக்கம், மக்மர்டோ, ஸ்காட் ஆய்வு நிலையங்கள் இருக்கும் ராஸ் தீவு 700 கிலோமீட்டருக்கும் அப்பால் தெற்கே இருக்கிறது. மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை அங்கே சூரியன் எழுவதில்லை.

"பனிக்கரை" என்ற சொல்லே இந்த இடத்துக்குப் பொருந்தாது. காற்று பனியைத் தங்கவிடாமல் வாரிக்கொண்டு போய்விடும். கோடையில் கருநிறப் பாறை வெயிலை உறிஞ்சி மிச்சத்தையும் உருக்கிவிடும். கோடை முழுக்கக் காலடியில் இருப்பது கல், கல், கல்தான். சுற்றிலும் பனி மூடிய ஒரு கண்டத்தில், கடலை ஒட்டி, தட்டையாக, கோடையில் பனியில்லாமல் இருக்கும் நிலம் மிக அரிது. பென்குவின் அங்கே வந்ததற்கும் அதுதான் காரணம், மனிதன் அங்கே குடில் கட்டியதற்கும் அதுதான் காரணம். இருவருக்கும் வேண்டியது ஒரே துண்டு நிலம். அந்தக் கரையைப் பற்றிய எல்லாச் சிக்கலும் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

இந்தத் திட்டு உருவாகும் விதத்தையும் சொல்ல வேண்டும். வெப்பமண்டலக் கடற்கரையில் அலை ஆண்டு முழுக்க வேலை செய்கிறது. துருவக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி கடல் உறைந்து கிடக்கிறது. அலை கரையைத் தொட அதற்குக் கிடைப்பது கோடையில் சில வாரங்கள்தான். அந்தச் சில வாரங்களில் இரு வேறு திசைகளிலிருந்து வரும் அலைகள் பாறைச் சரிவிலிருந்து உதிரும் கற்களை உருட்டி, இரண்டு பக்கமும் வரப்பு வரப்பாக ஒதுக்குகின்றன. மிதந்துவரும் பனித்தட்டுகள் கரையில் மோதிக் கற்களை மேலே தள்ளி மேடாக்குவதும் உண்டு. வரப்புக்கும் வரப்புக்கும் இடையே பள்ளம். பள்ளத்தில் உருகுநீர் தேங்கிக் குட்டையாகிறது. அந்தக் குட்டைகள் பறவை எச்சம் கலந்து, பாசி பிடித்து, நாற்றமடிக்கும். ஆக மேலிருந்து பார்த்தால் சமதளமாகத் தெரியும் இந்தக் கரை உண்மையில் மேடும் பள்ளமுமான உழுத வயல் போன்றது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உயர வித்தியாசம் அதிகமில்லை. ஆனால் ஒரு முட்டை பொரிப்பதும் அழுகுவதும் அந்தச் சிறு வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

அடெலி பென்குவின் கூடு கட்ட அண்டார்க்டிகாவில் புல் இல்லை, சுள்ளி இல்லை. கல் மட்டுமே. ஆண் பறவை அக்டோபரில் வந்து சேர்ந்ததும் பழைய இடத்தைத் தேடிப் பிடித்து, அலகுக்கு ஒன்றாகச் சிறு கற்களைக் கொண்டுவந்து வட்டமாக அடுக்குகிறது. பக்கத்துக் கூட்டிலிருந்து திருடுவதும் நடக்கும். அவ்வளவு கிராக்கி அந்தக் கல்லுக்கு. நவம்பரில் அதன்மேல் இரண்டு முட்டைகள். ஒரு மாதத்துக்குச் சற்று மேல் அடைகாப்பு. இதற்கிடையே பனி உருகி நீர் ஓடத் தொடங்கும்போது, கற்களுக்கு இடையே நீர் வடிந்துபோக, முட்டை அதற்கு மேலே உலர்ந்து இருக்க வேண்டும். கல் குறைவான கூட்டில் முட்டை நீரில் கிடந்து குளிர்ந்துவிடும். எனவே பறவை கூடு கட்டுவது எப்போதும் வரப்பின் மேல்தான். நல்ல கல்லும் நல்ல மேடும் சேர்ந்த இடத்தில் கூடுகள் ஒன்றையொன்று அலகால் எட்டிக் கொத்தும் தொலைவில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும்.

இப்போது எண்ணிக்கை. செயற்கைக்கோள் படத்தில் எச்சத்தின் இளஞ்சிவப்புக் கறை படிந்த பரப்பை அளந்து, ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கூடு என்ற கணக்கோடு பெருக்கிப் பார்க்கிறார்கள். பறவைகள் உண்ணும் கிரில் இறாலின் நிறம்தான் அந்தக் கறை. அப்படிச் செய்து 2014இல் வெளியான மதிப்பீட்டில் அடேர் முனையில் 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஜோடிகள் இருந்தன. உலகில் அறியப்பட்ட அடெலி குடியிருப்புகளில் மிகப் பெரியது இதுதான். தட்டையான கரை நிரம்பிப்போய், கூடுகள் பின்னாலிருக்கும் செங்குத்துச் சரிவில் ஏறி மேட்டு விளிம்பு வரை போய்விட்டன. கடலிலிருந்து குஞ்சுக்கு இரை சுமந்து, நான்கைந்து கிலோ எடையுள்ள, பறக்க முடியாத பறவை அந்தச் சரிவில் நடந்து ஏறுகிறது என்றால், கீழே இடத்துக்கு எவ்வளவு நெருக்கடி என்று ஊகித்துக்கொள்ளலாம்.

"மனிதக் காலடி படாத" என்ற பிழைக்கு வருவோம். அண்டார்க்டிகாக் கண்டத்திலேயே மனிதக் காலடி மிக முன்னதாகப் பட்ட இடங்களில் இது ஒன்று. 1895 ஜனவரி 24 அன்று 'அண்டார்க்டிக்' என்ற நார்வே கப்பலிலிருந்து ஒரு குழு இங்கே இறங்கியது. அதில் இருந்த கார்ஸ்டன் போர்ச்கிரெவிங்க் 1899 பிப்ரவரியில் திரும்பிவந்து, ஒன்பது பேருடனும் நாய்களுடனும் குளிர்காலம் முழுவதும் தங்கினார். கண்டத்தின் நிலப்பரப்பில் மனிதர் கழித்த முதல் குளிர்காலம் அது. தாயின் குடும்பப் பெயரான ரிட்லியை இந்த இடத்துக்கு வைத்தவரும் அவர்தான். நார்வேயில் முன்கூட்டியே அறுத்துப் பொருத்திப் பார்த்துக் கொண்டுவந்த பைன் பலகைகளால் இரண்டு குடில்கள் எழுந்தன: ஒன்று வசிக்க, ஒன்று சரக்குக் கிடங்கு. அண்டார்க்டிகாக் கண்டத்தில் எழுந்த முதல் கட்டடங்கள் இவை. குழுவின் விலங்கியலாளர் நிக்கோலாய் ஹான்சன் 1899 அக்டோபர் 14 அன்று இறந்தார். அந்தப் பருவத்தின் முதல் பென்குவின் கரையேறியதும் அன்றுதான் என்று தோழர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அவர் விருப்பப்படி கரைக்கு மேலே உள்ள மேட்டில் புதைத்தார்கள். கண்டத்தில் அறியப்பட்ட முதல் கல்லறை.

அடுத்து 1911இல் ராபர்ட் ஸ்காட்டின் தென்துருவப் பயணத்தைச் சேர்ந்த வடக்குக் குழு, விக்டர் கேம்பல் தலைமையில் ஆறு பேர், அதே கரையில் மூன்றாவது குடிலைக் கட்டிக் குளிர்காலத்தைக் கழித்தது. அதில் இருந்த மருத்துவர் மரே லெவிக் பென்குவின்களின் ஓர் இனப்பெருக்கக் காலத்தை முழுவதுமாக உடனிருந்து குறித்துவைத்தார். இன்று நிலைமை என்ன தெரியுமா? பன்னிரண்டு ஆண்டு இளைய குடில் காற்றில் இடிந்து பலகைக் குவியலாகக் கிடக்கிறது. மூத்தது, மூலைகளில் பலகைகள் ஒன்றோடொன்று கோத்துப் பூட்டிக்கொள்ளும் வகையில் செய்யப்பட்டது, இன்னும் கூரையோடு நிற்கிறது. அதன் பக்கத்திலுள்ள கிடங்கு கூரையை இழந்துவிட்டது.

இரண்டாவது திருத்தம்தான் எங்களுக்கு மிக முக்கியமாகப் படுகிறது. கரை முழுவதும் தடை செய்யப்பட்ட பகுதி அல்ல. 1991இல் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த, அண்டார்க்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்கும் மாட்ரிட் நெறிமுறையின் ஐந்தாம் இணைப்பின்கீழ், இங்கே அறிவிக்கப்பட்டிருப்பது 159ஆம் எண் சிறப்புப் பாதுகாப்புப் பகுதி. அது குடில்களைச் சுற்றி ஏறத்தாழ 50 மீட்டர் தள்ளிப் போட்ட கோடுகளுக்குள் அடங்கும் சிறு கட்டம்; தெற்கே கடலின் உயர்நீர்க் கோடே அதன் எல்லை. அதற்குள் நுழைய அனுமதிச் சீட்டு கட்டாயம். அந்தக் கட்டத்துக்கு வெளியே இருக்கும் லட்சக்கணக்கான கூடுகளுக்கு அப்படியொரு கோடு கிடையாது. அவற்றைக் காப்பது, அண்டார்க்டிகா முழுவதற்கும் பொதுவான இரண்டாம் இணைப்பு: பறவைக்கும் விலங்குக்கும் தீங்கான இடையூறு கூடாது என்ற விதி. அதாவது குடிலுக்கு வேலி உண்டு. பென்குவினுக்கு உங்கள் நடத்தைதான் வேலி. "எங்கும் தடை" என்று படித்த ஒருவர், தன்னைக் கரையில் இறக்கிவிட்டதும் "இங்கே அனுமதித்துவிட்டார்கள், இனி எப்படியும் நடக்கலாம்" என்று எண்ணிக்கொள்வார். அந்த எண்ணம்தான் ஆபத்து.

கட்டத்துக்குள் உள்ள விதிகள் கறாரானவை. ஒரே நேரத்தில் பகுதிக்குள் வழிகாட்டிகளையும் சேர்த்து 40 பேர். போர்ச்கிரெவிங்க் குடிலுக்குள் 4 பேர். இதைப் பயணக் கணக்காக மாற்றிப் பாருங்கள். நான்கில் ஒருவர் வழிகாட்டி என்றால் உள்ளே பார்வையாளர் மூவர். ஒரு தொகுதிக்கு 10 நிமிடம் என்று வைத்தாலும் 100 பயணிகள் பார்த்து முடிக்க 34 தொகுதிகள், ஐந்தரை மணி நேரத்துக்கு மேல். அடேர் முனையில் வானிலையும் பனியும் சேர்ந்து அவ்வளவு நேரம் ஒத்துழைப்பது அரிது. "குடிலுக்குள் கட்டாயம் அழைத்துச் செல்வோம்" என்று ஒரு விளம்பரம் சொன்னால், அந்த நிறுவனம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

நான்கு பேர் என்ற வரம்பு எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். குடிலின் மரத்தைக் கிட்டப்போய்ப் பார்த்தால் விடை தெரியும். வெளிப்பலகையின் மேற்பரப்பு பஞ்சுபோல் நார்நாராகப் பிரிந்து நிற்கும். பூச்சி அரித்ததல்ல, தீயில் கருகியதுமல்ல. கடற்சாரலின் உப்பு மரத்துக்குள் இறங்கி, மரநார்களை ஒட்டிவைத்திருக்கும் பசையை மெல்ல மெல்லக் கரைத்துவிடுகிறது. மேலே காற்று அடித்துக்கொண்டுவரும் மணலும் பொடிக்கல்லும் அந்த நாரைச் சீவிக்கொண்டே இருக்கும். அடிப்பகுதியில் வேறு வகைக் கேடு. சுவரோரம் காற்று மறைவு என்பதால் பென்குவின்கள் சுவரை ஒட்டியே கூடு கட்டும். பருவத்துக்குப் பருவம் எச்சம் சேர்ந்து அடிப்பலகையை மூடும். எச்சத்தில் ஈரமும் நைட்ரஜனும் ஏராளம். குளிரில் மரம் அழுகாது என்பது பாதி உண்மை. கோடையில் வெப்பநிலை உறைநிலையைத் தொட்டுத் தாண்டும் நாள்களில் ஈரமும் சத்தும் கிடைத்தால் மரத்தை மென்மையாக்கும் பூஞ்சைகள் வளரத்தான் செய்யும். ராஸ் தீவில் உள்ள மற்றக் குடில்களிலும் இதே பூஞ்சைகளைத்தான் கண்டிருக்கிறார்கள். ஆணி துருப்பிடிப்பதும் தகர டப்பாக்கள் துளைபடுவதும் உப்பின் வேலை.

உள்ளே ஆள் நுழைந்தால் மூச்சுக் காற்றின் ஈரம் குளிர்ந்த பலகையிலும் தகரத்திலும் படிந்து உறையும், பிறகு உருகும், மீண்டும் உறையும். பூட்ஸில் ஒட்டிய பனி உள்ளே உருகினால் தரைப்பலகைக்கு ஈரம். ஒட்டிய பொடிக்கல் உள்ளே விழுந்தால் அடுத்தவர் கால் பட்டுப் பலகையைத் தேய்க்கும் உப்புத்தாள். எனவேதான் வாசலில் நின்று பூட்ஸைத் தூரிகையால் துடைக்கச் சொல்கிறார்கள். முதுகுப்பையோடு உள்ளே போகக் கூடாது. திரும்பும்போது பை அலமாரியில் இடிக்கும், நமக்குத் தெரியாது. கேமரா முக்காலி வைத்தே தீர வேண்டுமென்றால் கால்களுக்கு ரப்பர் அடி வேண்டும். தீக்குச்சி, சிகரெட், எரியும் விளக்கு எதுவும் கூடாது. நூறு ஆண்டுகளுக்கு மேல் உலர்ந்த பைன் மரம் தீப்பிடித்தால் அணைக்க அங்கே தண்ணீரும் இல்லை, ஆளும் இல்லை.

நியூசிலாந்தைச் சேர்ந்த அண்டார்க்டிக் ஹெரிட்டேஜ் டிரஸ்ட் என்ற அமைப்பு குடில்களிலிருந்து சுமார் 1,500 பொருள்களை எடுத்து, கிறைஸ்ட்சர்ச் நகரில் பாதுகாப்பு வேலை செய்தது. தகரம் துருப்பிடித்திருந்தாலும் உள்ளே பழக்கேக் கெடாமல் இருந்த செய்தி 2017இல் உலகெங்கும் பரவியது. எங்களை அதைவிட அசைத்தது, எச்சமும் பூஞ்சையும் படிந்து ஒட்டிக்கிடந்த காகிதங்களைப் பிரித்தபோது கிடைத்த ஒரு சிறு நீர்வண்ண ஓவியம். இறந்துகிடக்கும் மரமேறிக் குருவி ஒன்றை, பின்னாளில் ஸ்காட்டோடு தென்துருவம் சென்ற எட்வர்ட் வில்சன் 1899இல் தீட்டியது. குப்பை என்று ஒரு கை அள்ளியிருந்தால் போயிருக்கும். கரையில் கிடக்கும் கம்பி, பலகைத் துண்டு, உடைந்த பெட்டி எதையும் நகர்த்தாதீர்கள் என்ற விதிக்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது.

இனி நடக்கும் விதம். கப்பலில் இருந்து ரப்பர் படகில் இறங்குவதற்கு முன்பே வேலை தொடங்குகிறது. வெல்க்ரோ பட்டை, பேன்ட் மடிப்பு, பையின் தையல், கைத்தடியின் முனை, இந்த நான்கிலும்தான் விதையும் மண்ணும் ஒளிந்திருக்கும். வெல்க்ரோவை இடுக்கியால் கிளற வேண்டும். பையை வேக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். பூட்ஸின் அடியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து அழுக்கு முழுவதும் போன பிறகே கிருமிநாசினிக் கரைசலில் வைக்க வேண்டும். சேறு ஒட்டியிருக்கும்போது முக்கினால் மருந்து சேற்றைத்தான் நனைக்கும், கிருமியைத் தொடாது. பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். மருந்து வேலை செய்யச் சில நிமிடங்கள் ஆகும் என்பதையும் அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள். கோழி முட்டை, கோழி இறைச்சி கலந்த எந்தத் தின்பண்டமும் கரைக்குப் போகக் கூடாது.

இந்தக் கெடுபிடி வீண் பயமல்ல. எச்5என்1 பறவைக் காய்ச்சல் 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாத் தீவுக்கும், 2024 பிப்ரவரியில் அண்டார்க்டிகா தீபகற்பத்துக்கும் வந்துசேர்ந்தது. கூட்டுக்குக் கூடு கொத்திக்கொள்ளும் நெருக்கத்தில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட பறவைகள் இருக்கும் ஒரு திட்டில் அது நுழைந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. உட்காராதே, மண்டியிடாதே, பையைத் தரையில் வைக்காதே என்று சுற்றுலாக் கப்பல்களில் சொல்வது அதனால்தான். பூட்ஸின் அடியைக் கழுவலாம். எச்சம் பட்ட முழங்காலையும் பையின் அடியையும் யாரும் கழுவுவதில்லை.

கரையில் பென்குவினிடமிருந்து 5 மீட்டர் என்பது குறைந்தபட்ச விதி. ஆனால் ரிட்லி கரையில் அளவுகோல் பல இடங்களில் உதவாது, ஏனென்றால் எங்கே நின்றாலும் ஐந்து மீட்டருக்குள் ஒரு பறவை இருக்கும். பறவையைத்தான் பார்க்க வேண்டும். அடெலியின் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் உண்டு. பதற்றம் வந்தால் பின்தலை இறகு சிலிர்த்துத் தலை முனைப்பாகத் தெரியும், கண்ணை உருட்டி ஓரப்பார்வை பார்க்கும், சிறகுகளை அடிக்கும். சிலிர்ப்பு தெரிந்த அக்கணமே நிற்க வேண்டும். பிறகு பின்னோக்கி மெதுவாக நகர வேண்டும். பறவை எழுந்து நின்ற பிறகு விலகினால் காலம் கடந்துவிட்டது. அடைகாக்கும் பறவை எழுந்தால் முட்டை வெளியே தெரியும். ஸ்கூவா பறவை மேலேயே வட்டமிட்டுக்கொண்டிருக்கும். அதற்கு இரண்டு மூன்று நொடி போதும். முட்டையைத் தூக்கியது ஸ்கூவாதான். வாய்ப்பைக் கொடுத்தவர் படமெடுக்க ஓரடி முன்னே வந்தவர்.

கடலுக்கும் கூட்டுக்கும் இடையே பறவைகள் போய்வரும் தடங்கள் தெளிவாகத் தெரியும். அவற்றில் நிற்கக் கூடாது. கடக்க வேண்டுமென்றால் வரிசையில் இடைவெளி வரும்வரை காத்திருக்க வேண்டும். நாம் நடக்க வேண்டியது அலை நனைக்கும் கீழ்க்கரையில், அல்லது வழிகாட்டி கொடி நட்ட பாதையில். மேலே வரப்பில் நடப்பது காலுக்குச் சுகமாக இருக்கும், ஏனென்றால் அது மேடு, உலர்ந்தது, உறுதியானது. பறவைக்கும் அதே காரணத்தால்தான் அது வேண்டும். வெடல் சீல் கரையில் படுத்திருந்தால் அதற்கும் கடலுக்கும் நடுவே போகக் கூடாது.

போக நல்ல காலம் எது என்ற கேள்விக்குக் கட்டுரை "நவம்பர் முதல்" என்று பதில் சொல்லியிருந்தது. நவம்பரில் கடற்பனி கப்பலை அண்டவிடாது. அண்டினாலும் ஒவ்வொரு கூட்டிலும் முட்டை. ஜனவரி இறுதியிலிருந்து பிப்ரவரி வரை குஞ்சுகள் கடலுக்கு இறங்கத் தொடங்கும், நடக்கச் சற்று இடம் கிடைக்கும். அப்போதும் அடேர் முனையைச் சுற்றி ஓடும் ஓதநீரோட்டம் மிதக்கும் பனித்தட்டுகளைக் கண்ணெதிரே வேகமாகக் கொண்டுவந்து கரையை அடைத்துவிடும். படகில் இறங்கியவர்களை அவசரமாகத் திருப்பி ஏற்ற வேண்டியிருக்கும். துறைமுகம் இல்லை, ஒதுங்க மறைவு இல்லை, கூழாங்கல் கரை செங்குத்தாக இறங்குவதால் சிறு அலையும் படகைக் குறுக்கே திருப்பிப் போடும். ஹெலிகாப்டரில் இறங்கலாமே என்பவர்களுக்கு: அக்டோபர் முதல் மார்ச் வரை பறவைகள் இருக்கும் காலத்தில் அவற்றைக் கலைக்காமல் இறங்க அந்தக் கரையில் இடமே இல்லை.

நிலத்துக்கு நேர்ந்த கேட்டுக்கு அருகிலேயே சான்று இருக்கிறது. அடேர் முனைக்குத் தெற்கே ஹாலெட் முனையில், இதேபோன்ற கூழாங்கல் திட்டில், 1957இல் அமெரிக்காவும் நியூசிலாந்தும் சேர்ந்து ஓர் ஆய்வு நிலையம் கட்டின. அதற்காக ஆயிரக்கணக்கான பென்குவின்களை அப்புறப்படுத்தி நிலத்தைச் சமன்படுத்தினார்கள். 1973இல் நிலையம் மூடப்பட்டது. சமன்படுத்திய இடத்தில் மேடு இல்லை என்பதால் பறவைகளுக்காகச் செயற்கையாகக் கல்மேடுகள் அமைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. வரப்பைச் சமமாக்கச் சில நாள் போதும். திரும்பக் கட்டுவதற்கு ஆண்டுகள் ஆகின்றன.

கடைசியாகக் கடலைப் பற்றி. 2016இல் ஒப்புக்கொள்ளப்பட்டு 2017 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த ராஸ் கடல் பாதுகாப்புப் பகுதி 15.5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. பென்குவின்களின் இரைக்கு அது பெரிய காப்பு. ஆனால் கரைக்கு உண்மையான காவல் கடற்பனிதான். உறைந்த கடல் அலையை எழவிடாது. கரையோரம் ஒட்டிக்கிடக்கும் பனிக்கட்டு கற்களைக் கவசம்போல் மூடிவைக்கும். 2023 பிப்ரவரியில் அண்டார்க்டிகாவைச் சுற்றிய கடற்பனி 17.9 லட்சம் சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. செயற்கைக்கோள் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அவ்வளவு குறைந்ததில்லை. பனியில்லாத நாள்கள் கூடினால் புயலின் அலை முன்வரப்பைத் தாண்டி ஏறும், கற்களை வாரிப் பள்ளத்தில் கொட்டும். குடில்கள் நிற்பது தென்கரையை ஒட்டி. பாதுகாப்புப் பகுதியின் தெற்கெல்லை உயர்நீர்க் கோடு என்று முன்பே சொன்னோம். அந்தக் கோடு உள்ளே நகர்ந்தால் பகுதியும் சுருங்கும்.

குடில்களைப் பெயர்த்து உள்ளே தள்ளி வைக்கலாம் என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. உள்ளே எங்கு வைத்தாலும் அது பென்குவினின் வரப்பின் மேல்தான் அமையும். அதைவிட முதலில் செய்ய வேண்டியது ஒவ்வொரு வருகையிலும் கரையின் குறுக்குவெட்டை அளந்துவைப்பது. பெரிய செலவில்லாத வேலை இது. பாறைச் சரிவில் கெட்டியான பாறையில் அளவுக்குறி அடிக்க வேண்டும். கூழாங்கல்லில் முளை அடித்தால் உறைபனி அதைத் தூக்கிவிடும், அடுத்த ஆண்டுக் கணக்கு முழுவதும் பொய்யாகும். நீர் விளிம்பை வைத்து அளக்கக் கூடாது, ஓதத்துக்கும் அலைக்கும் ஏற்ப அது மாறிக்கொண்டே இருக்கும்; முன்வரப்பின் உச்சியையே அடையாளமாகக் கொள்ள வேண்டும். ஜனவரி இறுதியில், பனித்திட்டுகள் உருகிய பிறகு, கீழ்க்கரையிலிருந்து குடில் வரை சில மீட்டருக்கு ஒரு புள்ளி என்று உயரம் குறிக்க வேண்டும். அதே இடத்தில் நின்று அதே திசையில் ஒரு படம். பயணிகள் எடுக்கும் பழைய படங்கள்கூட, நாளும் நின்ற இடமும் தெரிந்தால், இதற்குப் பயன்படும். தங்கள் வாசகர்களில் அந்தக் கரையில் இறங்கியவர்கள் இருந்தால், முன்வரப்பும் குடிலும் சேர்ந்து தெரியும் படங்களை நாளோடு பத்திரப்படுத்தி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

மூன்றாவது திருத்தம் பாக்கி இருக்கிறது. அச்சான படத்தில் அந்தப் பயணி ஏறி நிற்கும் "கற்குவியல்" நடுவில் சற்றுக் குழிந்து, விளிம்பில் சிறு கற்கள் வட்டமாக அடுக்கியதுபோல் தெரிகிறது. சுற்றிலும் அதே அளவில் இன்னும் ஏழெட்டு வட்டங்கள். அவை போன பருவத்துக் கூடுகள். குஞ்சுகள் போய்விட்டதால் காலியாக இருக்கின்றன. அக்டோபரில் அதே பறவைகள் அதே கற்களுக்காகத் திரும்பி வரும். படத்தை மீண்டும் வெளியிடும்போது விளக்கத்தில் இதைச் சேர்த்து அச்சிடும்படி வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
துருவக் கரைகளின் நிலவியலைத் தொடர்ந்து படித்துவரும் வாசகர்கள்